பீரோ இருக்கிறது, ஆள் இல்லை

எங்கள் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளில் நூலகம் இல்லை என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தால் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ நிற்கும். கதவில் ஏதோ ஒரு கம்பெனியின் சின்னம் ஒட்டியிருக்கும். உள்ளே இருநூறோ முந்நூறோ புத்தகம். இருப்புப் பதிவேட்டில் அத்தனைக்கும் எண் உண்டு, விலை உண்டு, வந்து சேர்ந்த தேதி உண்டு. அந்தப் பீரோவைத் திறந்து, எதிரே நிற்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் சரிப்படும் என்று பார்த்து எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் கிடையாது.

அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் குடியிருக்கிற நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நாங்கள் என்றால் யார்? கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெயரைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பிடித்துக் கவிதை நூல் வெளியிட்டு நமக்கு நாமே கைதட்டிக்கொள்கிறவர்கள், சங்கக் கொடி பிடித்தவர்கள், ஆசிரியர்கள். அரசு செய்யத் தவறியதை எழுத வேறு இடம் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது எங்கள் பங்கை.

கேட்கத் தெரியாத ஊரா இது? 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் இடம் பிடித்தது, 1998-இல் முதல் கார் வெளியே வந்தது. 2006-இல் நோக்கியா செல்போன் செய்ய ஆரம்பித்து, 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிசான், 2012-இல் டெய்ம்லர் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. நிலம் போனபோது கூடுதல் இழப்பீடு கேட்டோம். உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை கேட்டோம். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பெண் தொழிலாளர்கள் உடம்புக்கு முடியாமல் விழுந்தபோது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையே நின்றது. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வேண்டும் என்று உட்கார்ந்து 37 நாள் எழுந்திருக்கவில்லை. கிராம சபைக்குப் போனால் தெருவிளக்கு, ஆர்.ஓ. தண்ணீர், மழைநீர் வடிகால், சுடுகாட்டுப் பாதை என்று மைக்கைப் பிடுங்கிப் பேசுவோம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது எங்களுக்குப் பாடமாகவே ஆகியிருக்கிறது. ஆனால் பள்ளிக்கு ஒரு நூலகர் வேண்டும் என்று மட்டும் ஒரு மனுகூட எழுதவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய சங்கதி, அந்த ஆளின் அருமை எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான். எங்களில் பாதிப் பேர் கம்பெனி ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்றவர்கள். லைனில் ஒரு டிரில் பிட் உடைந்தால் ஆபரேட்டர் தானாகப் போய் அலமாரியைக் குடைய மாட்டான். ஸ்லிப் எழுதி நீட்டுவான். எந்த மெஷின், என்ன பார்ட் என்று ஸ்டோர் கீப்பர் கேட்பார். அளவு தப்பாக இருந்தால், "இது உன் மெஷினுக்கு உட்காராதுப்பா, அந்த சைஸ் எடுத்துட்டுப் போ" என்று மாற்றிக் கொடுப்பார். எது சீக்கிரம் தீர்கிறது, எது மாதக்கணக்காக அசையாமல் தூசி குடிக்கிறது என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். அடுத்த ஆர்டர் அந்தக் கணக்கை வைத்துத்தான் போகும். ஸ்டோர் கீப்பர் இல்லாமல் ஒரு ஷிப்டை ஓட்டச் சொன்னால் எந்த மேனேஜரும் ஒத்துக்கொள்ள மாட்டார். தேய்மானமும் உடைசலும் முன்கூட்டியே கணக்கில் சேர்ந்தவை; உடைந்த பிட்டைக் காட்டினால் புதிது வரும், ஆபரேட்டர் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். நாளெல்லாம் இதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிற நாங்கள், பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஸ்டோர் கீப்பர் இல்லாத ஸ்டோர்ஸுக்கு ரிப்பன் வெட்டினோம்.

ரிப்பன் வெட்டுவதும் பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆவது பிரிவு, பெரிய கம்பெனிகளை, முந்தைய மூன்று ஆண்டு நிகர லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் (சி.எஸ்.ஆர்.) செலவழிக்கச் சொல்கிறது. 2014 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை. நிதியாண்டு முடிவதற்குள் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். அவசரத்தில் யார் போய்ப் புத்தகம் பார்த்துப் பொறுக்குவது? மொத்தக் கடையில் தள்ளுபடி அதிகம் கொடுக்கிற கட்டு எதுவோ அது வந்து இறங்கும். இதைச் செய்தவர்கள் எங்கிருந்தோ வந்த அதிகாரிகள் அல்லர். எச்.ஆர். பிரிவில், அட்மின் பிரிவில் இருக்கிற எங்கள் ஆட்கள்தான். பேனர் அடித்ததும் போட்டோ எடுத்ததும் நாங்கள்தான்.

பீரோவைத் திறந்து பார்த்தால் அந்த அவசரம் தெரியும். தலைவர்கள் வாழ்க்கை வரலாற்று வரிசை ஒன்று. ஒரே பொது அறிவுப் புத்தகம் பத்துப் பிரதி. வழுவழுப்பான தாளில் ஆங்கிலக் கலைக்களஞ்சியம், பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல். குரூப் நான்கு தேர்வு வழிகாட்டி. சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல் குறிப்பு ஒன்றுகூட இருந்தது. யாரோ வீட்டைக் காலி செய்தபோது தானம் செய்திருக்க வேண்டும். கீழ்த்தட்டில் ராமபாணப் பூச்சி அரித்த தாள். ஆறு வயதுப் பிள்ளை தானே எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டு "நான் ஒரு புக்கு படிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொள்ளும்படியான ஒன்றைத் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தமிழில் அப்படிப்பட்ட புத்தகம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நேஷனல் புக் டிரஸ்ட் 1957-இலிருந்து இருக்கிறது. தூலிகா 1996-இலும் பிரதம் புக்ஸ் 2004-இலும் வந்தன. பாரதி புத்தகாலயம் சிறுவர் நூல்களுக்கென்றே தனி வரிசை போடுகிறது. யெஸ். பாலபாரதி, மு. முருகேஷ், உதயசங்கர், யூமா வாசுகி என்று பால சாகித்திய புரஸ்கார் வாங்கியவர்கள் நம் கண் முன்னால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். விருது வந்ததும் பாராட்டுக் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்துகிறோம். அந்த நூல் பக்கத்துத் தெருப் பள்ளிக்கு வந்ததா, வந்தால் வெளியே எடுத்தார்களா என்று விசாரிப்பது எங்கள் இலக்கியச் சேவையில் சேராமல் போயிற்று.

அரசுப் பக்கத்திலிருந்தும் புத்தகம் வராமல் இல்லை. முன்பு புத்தகப் பூங்கொத்து என்று வகுப்பறையில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டார்கள். நல்ல யோசனை, பிள்ளையின் கண்மட்டத்தில் அட்டைப்படம் தெரிந்தது. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது வகுப்பில் வாசிப்பு மூலை வந்தது. ஊஞ்சல் இதழ் வருகிறது. 2023-இல் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களை அச்சிட்டு அனுப்பியது. கையில் எடுத்தால் பிள்ளைக்குப் பாரமில்லாத, ஒரே மூச்சில் முடிக்கக்கூடிய புத்தகங்கள். படிநிலை பிரித்ததே பாதி நூலக வேலை. மீதிப் பாதி, எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்த ஆள்.

அந்த வேலை வகுப்பாசிரியர் தலையில் விழுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாம் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. அதே அட்டவணை, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. நூலகரைப் பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஒருவர். அவரும் எமிஸ் இணையதளத்தில் வருகை போட்டு, காலை உணவு, சத்துணவு எண்ணிக்கை ஏற்றி, விலையில்லாச் சீருடைக்கு அளவு எடுத்துக் கொடுத்துவிட்டு எப்போது பீரோவைத் திறப்பார்? கால அட்டவணையில் நூலகம் என்று ஒரு பாடவேளை எழுதியிருக்கும். அந்த நேரத்தில் கணக்குப் பாடம் நடக்கும். ஆசிரியர்களாகிய எங்களில் சிலர் அதை மனச்சாட்சி உறுத்தாமல் செய்தோம், கதைப் புத்தகத்தைப் படிப்பாகவே நினைக்கவில்லை என்பதால்.

சத்துணவை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைத் தொடங்கியபோது அரிசியையும் பருப்பையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நேரம் கிடைக்கும்போது ஆசிரியர் பொங்கிப் போடட்டும் என்று விட்டுவிடவில்லை. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பணியிடம் உண்டாக்கினார்கள். அதனால்தான் அது நாற்பது ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறது. 2022-இல் காலை உணவு வந்தபோதும் சுயஉதவிக் குழுப் பெண்களை நியமித்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டினார்கள். தொடக்கப்பள்ளியில் ஆசிரியர் அல்லாத வேலைக்கு ஆள் போட முடியாது என்று சொல்ல இந்த மாநிலத்தில் மட்டும் வாய் வரக்கூடாது. இந்த வாதத்தை நாங்கள் எந்தக் கூட்டத்திலும் எடுத்து வைத்ததில்லை.

தொடக்கப்பள்ளி நூலகர் என்ன செய்வார் என்று எங்களிடமே கேட்டால் "புக்கை அடுக்கி வைப்பாரு, என்ட்ரி போடுவாரு" என்றுதான் சொல்லியிருப்போம். வேலை என்னவென்று தெரியாதவன் எப்படி ஆளைக் கேட்பான்? அதை ஓரளவு பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு வாய்த்தது அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் நடந்த நாட்களில். தன்னார்வலராக இருந்த பெண், பட்டதாரி, லைன் வீடுகளுக்கு நடுவில் ஒரு திண்ணையில் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைப்பார். புத்தகங்களை அடுக்க மாட்டார்; பாயில் பரப்புவார், அட்டைப்படம் மேலே தெரியும்படி. முதலில் ஒரு கதையை அவரே உரக்க வாசிப்பார். படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தலைகீழாக எழுத்தைப் படிக்கப் பழகியிருந்தார். பக்கம் புரட்டுவதற்கு முன் ஒரு நொடி நிறுத்துவார். "அப்புறம்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். அதற்காகத்தான் அந்த நிறுத்தம்.

பிறகு அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் இருப்பதிலேயே தடித்த புத்தகமாக எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாள். பக்கம் மட்டும் திரும்பவே திரும்பாது. படிக்க வரவில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். பிள்ளைகள் அக்கா என்று கூப்பிடும் அந்தத் தன்னார்வலர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக்கு ஒரே வரி உள்ள சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், "வீட்ல சின்னப் பாப்பாவுக்கு இதைப் படிச்சுக் காட்டணும். எப்படிப் படிச்சா நல்லா இருக்கும்னு தெரியல. நீ ஒரு தடவை எனக்குப் படிச்சுக் காட்டுறியா?" என்றார். அந்தப் பெண் தடித்த புத்தகத்தைக் கீழே வைத்தாள். ஒன்றாம் வகுப்புப் புத்தகம் படிக்கிறாள் என்ற பேச்சே எழவில்லை. அக்காவுக்கு உதவி செய்கிறாள். இன்னொரு பையன் ஒரே யானைக் கதையை வாரம் முழுக்க எடுப்பான். வேறு எடு என்று அவர் சொல்லவில்லை. அவன் அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே எழுத்தின் மேல் விரலை ஓட்டுவதை அவர் கவனித்திருந்தார். சொல்லும் எழுத்தும் சேருகிற இடம் அதுதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நோட்டில் யார் எதை எடுத்தார்கள், எந்தப் பக்கத்தில் விட்டார்கள் என்று இரண்டு வார்த்தை குறித்து வைப்பார். கிழிந்த அட்டைக்கு மைதாப் பசை தடவிச் சணலால் கட்டிக் காயவைப்பார்.

புத்தகம் தேர்வு, உரக்க வாசிப்பு, ஆளறிந்து கொடுப்பது, குறிப்பு, பழுது பார்ப்பது: மொத்த வேலையும் அந்தத் திண்ணையில் இருந்தது. அதற்கு அரசு கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். அடுத்த ஆண்டு அவர் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறினார். எலக்ட்ரானிக்ஸ் லைனில் நின்றால் அதைப்போல் பல மடங்கு கிடைக்கிறது. போகாதே என்று சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை இருந்தது? இந்த வட்டாரத்தில் படித்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களின் எட்டு மணி நேரத்துக்கு விலை வைக்கக் கம்பெனிக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரியவில்லை.

புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுக்காததற்கு ஆசிரியர்கள் சொல்கிற இன்னொரு காரணம், சோம்பலைவிட நியாயமானது: பயம். தொலைந்தால் யார் பதில் சொல்வது? இடமாறுதலில் போகும்போது இருப்புப் பதிவேட்டில் ஐந்து புத்தகம் குறைந்தால் தலைமையாசிரியர் கைக்காசு போட்டுச் சரிக்கட்டின கதைகள் நிறைய. ஆகவே பூட்டு. இந்தப் பயத்துக்கு மருந்து எழுத்தில் இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகளில், 2017 பதிப்பில், 215-ஆம் விதி நூலகங்களைப் பற்றியது. வாசிக்கக் கொடுத்த ஆயிரம் புத்தகத்துக்கு ஆண்டுக்கு ஐந்து தொலைந்தால் அது இயல்பு, நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணம் இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும்தான் விதிவிலக்கு. அவை தொலைந்தால் விசாரித்தே ஆக வேண்டும். இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் இதைப்போல் இங்கேயும் ஓர் ஆணை வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்களில் இருக்கிற நாங்கள் கேட்டிருக்கலாம். ஊதியக் குழுவுக்கும் பழைய ஓய்வூதியத்துக்கும் அடித்த போஸ்டரில் இதற்கு ஒரு மூலை போதும். தேய்மானம் இல்லாத நூலகம் ஓடாத மெஷின்தானே.

எங்களில் பர்மனென்ட் ஆனவர்கள் செய்ததைச் சொல்லாமல் விட்டால் இது சுயவிமர்சனம் ஆகாது. டிரெய்னியாக இருந்து நிரந்தரமாகி, சம்பளம் ஏறியதும் முதல் காரியமாகப் பிள்ளையை ஊராட்சிப் பள்ளியிலிருந்து எடுத்தோம். வேன் வருகிற, டை கட்டுகிற பள்ளிக்கு மாற்றினோம். அங்கே நூலகத்துக்குத் தனி அறை உண்டு, தனி மேடம் உண்டு. அட்மிஷன் நாளில் அதைச் சுற்றிக் காட்டினார்கள், நாங்களும் அதற்காகக் கட்டணம் கட்டினோம். ஆக நூலகர் தேவை என்பது எங்களுக்குப் புரியாத விஷயமல்ல. நம் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது, அத்தோடு விட்டுவிட்டோம். ஊராட்சிப் பள்ளியில் மிஞ்சியவர்கள் காண்ட்ராக்ட் தொழிலாளியின் பிள்ளைகள், செக்யூரிட்டியின் பிள்ளைகள், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவரின் பிள்ளைகள். அப்பா இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருப்பார், அம்மா வர ஏழு மணி ஆகும், கழுத்தில் வீட்டுச் சாவி. நாலு மணிக்கு மேல் புத்தகம் அதிகம் தேவைப்படுகிற பிள்ளைகள் அவர்கள். நாலு மணிக்கு மேல் கையில் இருப்பது அப்பாவின் பழைய செல்போன்.

அவர்களோடு இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உட்காருகிறார்கள். கட்டட வேலை, ஷெட் வேலை, செங்கல் சூளை. வகுப்பில் ஆறு மாதம் வாயே திறக்காத பையனை "அவன் இந்திக்காரன், அவனுக்கு ஒண்ணும் புரியாது" என்று மூலையில் உட்கார வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பாதி நேரம் அவன் பேசுவது ஒடியா. இங்கே ஒரு நூலகர் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தால் விஷயம் பெரிதல்ல. எழுத்தே இல்லாத படக்கதையை முதலில் கொடுப்பார். படத்தைப் படிப்பதற்கு மொழி வேண்டாம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஒடியாவிலும் கிடைக்கிறது. யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம், காசு கேட்க மாட்டார்கள். இரண்டையும் எடுத்து அருகருகே ஒட்டினால் அந்தப் பையன் தமிழ்ப் பையனுக்குக் கதை சொல்லுவான். செலவு பிரின்ட் அவுட் காசு. வேண்டியது நினைத்துப் பார்க்க ஒரு தலை. மேடைக்கு மேடை "யாதும் ஊரே" என்று பேசுகிற நாங்கள் இந்தக் காசைச் செலவு பண்ணவில்லை.

எஸ்.ஆர். ரங்கநாதன் நம் ஆள் என்று பெருமை பேசுவதில் மட்டும் குறை வைத்ததில்லை. 1892-இல் சீர்காழியில் பிறந்தவர், கணக்கு வாத்தியார், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வேலை அலுத்துப்போய்ப் பழையபடி கல்லூரிக்கே போகிறேன் என்றவர், லண்டன் போய் அங்கே நூலகங்கள் மக்களிடம் எப்படிப் புழங்குகின்றன என்று பார்த்தபின் மனம் மாறினார். 1931-இல் நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வந்தன. அதே ஆண்டு மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். மாட்டுவண்டி தானாகப் போய்விடவில்லை. கூடவே ஆள் போனார் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 12 வந்தால் நூலகர் தினம், ரங்கநாதன் படத்துக்கு மாலை. மாலை போடுகிற கூட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளி நூலகரும் இருக்க மாட்டார், அப்படி ஒரு பணியிடமே இல்லாததால்.

கட்டடத்தைக் கட்டிவிட்டு ஆளை மறக்கிற பழக்கம் பள்ளியோடு நிற்கவில்லை. 2006-க்குப் பிறகு ஐந்து ஆண்டுகளில், அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், மாநிலத்தின் 12,618 ஊராட்சிகளிலும் நூலகம் கட்டினார்கள். யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்த்துக்கொள்ள ஓய்வு பெற்றவர் ஒருவர், சொற்ப மதிப்பூதியம். அவர் முடியாமல் போனதும் பல ஊர்களில் பூட்டுத் தொங்கியது. பிறகு அந்தக் கட்டடங்களில் ரேஷன் சாமான் இறங்கியதையும் தேர்தல் பெட்டி வைத்ததையும் பார்த்துக்கொண்டு நாங்கள் கடந்து போனோம். கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் எழுந்த பெரிய நூலகங்களுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்ப் படம் எடுத்துப் போட்டோம். நகரும் படிக்கட்டைப் பார்த்து வியந்துவிட்டு, பிள்ளை மறுநாள் வந்து நிற்பது அதே தலைமையாசிரியர் அறை வாசலில்.

இந்த ஊரில் ஜப்பான்காரர்கள் நிறையப் பேர் தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்களிடமிருந்து ஐந்து எஸ், கைசன் என்று தொழிற்சாலை ஒழுங்குமுறைகளையெல்லாம் படித்துச் சுவரில் ஒட்டினோம். போரில் நொறுங்கிப் போய் எட்டு ஆண்டுகூட ஆகாத 1953-இல் அவர்கள் பள்ளி நூலகத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நூலக ஆசிரியரை நியமிப்பதை "தற்போதைக்கு" ஒத்திப்போடலாம் என்று சட்டத்திலேயே ஒரு சந்து வைத்தார்கள். அந்தத் "தற்போதைக்கு" ஐம்பது ஆண்டு நீடித்தது. 1997-இல் சட்டத்தைத் திருத்தி, 12 வகுப்போ அதற்கு மேலோ உள்ள பள்ளிகளில் 2003 ஏப்ரலிலிருந்து கட்டாயம் என்று ஆக்கினார்கள். அங்கே விடாமல் கேட்கிறவர்கள் இருந்தார்கள்.

இனிமேல் கேட்பதென்றால் என்ன கேட்பது? பள்ளிக்கு ஒருவர் என்று கேட்டால் நாற்பது பிள்ளை உள்ள பள்ளிக்கு அது அதிகம்தான், அதிகாரி சிரிப்பதில் நியாயம் இருக்கும். ஐந்து பள்ளிக்கு ஒருவர், வாரத்தில் ஒரு பள்ளிக்கு ஒரு நாள், மாலை ஆறு வரை. இது நடக்கக்கூடியது. "சி.எஸ்.ஆர்.ல பொருள்தான் குடுக்க முடியும் சார், சம்பளம் குடுக்க முடியாது" என்று கம்பெனிகளில் சொல்லிச் சொல்லி எங்களையும் நம்ப வைத்திருக்கிறார்கள், பல நேரம் அதைச் சொன்னதே எங்களில் ஒருவர். விதியைப் புரட்டினால் அப்படி இல்லை. 2021 திருத்தத்தின்படி நிர்வாகச் செலவுக்குத்தான் 5 சதவீத உச்சவரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நேரடியாக நடத்துவதற்கு ஆகிற செலவு அந்த வரம்புக்குள் வராது. ஊரில் நின்று பிள்ளைக்குக் கதை வாசிக்கிறவரின் சம்பளம் திட்டச் செலவு. தொடர் திட்டமாக அறிவித்தால் தொடங்கிய ஆண்டைத் தவிர இன்னும் மூன்று ஆண்டு நடத்தலாம்.

அதற்குப் பிறகு? அதற்கும் இந்த ஊரிலேயே வழி இருக்கிறது. 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் சட்டம். அதன்படி சொத்து வரி, வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. லைன் வீட்டுக்காரர் கட்டுகிறார். தொழிற்சாலைக் கட்டடத்துக்கு வரி வசூலானால் அதனோடும் அது சேர்ந்தே வருகிறது. இந்த வட்டாரத்தில் கட்டடம் பெருகின வேகத்துக்கு அந்தப் பத்துப் பைசாவும் பெருகியிருக்க வேண்டும். அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டிய பணம். உள்ளாட்சி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு ஒப்படைத்தது என்று கிராம சபையில் கேட்க எந்தத் தடையும் இல்லை. வரவு செலவு வாசிக்கும்போது தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டது நாங்கள். ஆணைக்குழுவின் ஊர்ப்புற நூலகர் வாரத்தில் சில நாள் பள்ளிக்கும் வரலாமே என்று ஒரு கோரிக்கை வைத்திருந்தால், முடியாது என்ற பதிலாவது எழுத்தில் கிடைத்திருக்கும்.

அக்டோபர் 2 கிராம சபைக்குத் தீர்மானம் ஒன்று எழுதி வைத்திருக்கிறோம். ஐந்து பள்ளிகளின் பெயர், எந்தக் கிழமை எந்தப் பள்ளி, நூலக அறிவியல் படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சி கொடுக்க வேண்டும், புத்தகத்தைப் பொறுக்குவது கம்பெனியல்ல அவர்தான், ஆண்டுக்கு எத்தனை தொலைந்தால் யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பது வரை எழுதியாகிவிட்டது. சம்பளம் என்ற இடத்தில்தான் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. உள்ளூர்ப் பெண்தானே, மதிப்பூதியமாக இரண்டாயிரம் போட்டால் போதும் என்கிறார்கள் சிலர். கம்பெனி வேனில் ஏறிப் போனவர் இறங்கி வந்து இந்த வேலையைக் கேட்கிற அளவுக்கு இருக்க வேண்டும் என்கிறோம் மற்றவர்கள். அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை; அந்தப் பழைய ஆயிரத்திலிருந்து கணக்குப் போடும் எந்தத் தொகைக்கும் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.